முதல் துளையில் பைரைட்தான் கிடைத்தது: ஐ.பி. வரைபடத்தை நாங்கள் தவறாகப் படித்தோமா?

கெடிலக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்தவன். புதுச்சேரியில் நிலவியல் முதுகலை முடித்து, இரண்டு ஆண்டுகளாக ஒரு சிறிய தனியார் ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் களம் ராஜஸ்தானில், கேத்ரி தாமிரப் பட்டையின் ஓரத்தில் இருக்கிறது. பொங்கல் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தாலும் மனம் அங்கேயேதான் நிற்கிறது. காரணம், சென்ற மாதம் முடிந்த எங்கள் முதல் துளை.

பாறைப் படிவங்கள் அங்கே ஏறத்தாழ வடக்கு தெற்காக ஓடி, மேற்கு நோக்கி 65 பாகை சரிகின்றன. அவற்றுக்குக் குறுக்காக, கிழக்கு மேற்காகக் கோடுகள் போட்டு, டைபோல் டைபோல் முறையில் (மின்சாரம் செலுத்தும் முனை இணையிலிருந்து அளக்கும் முனை இணையைப் படிப்படியாகத் தள்ளி வைப்பது; நிலை கூடக் கூட ஆழம் கூடும்), 50 மீட்டர் இடைவெளியில், ஆறாவது நிலை வரை ஐ.பி. அளவீடு செய்தோம், அதாவது நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, பாறையில் மின்னூட்டம் எவ்வளவு தேங்குகிறது என்று பார்த்தோம். அந்தத் தேக்கத்தின் அளவான சார்ஜபிலிட்டி பின்னணியில் வோல்ட்டுக்கு 5 முதல் 7 மில்லிவோல்ட். நடுவில் 28 வரை ஏறுகிறது. அதே இடத்தில் மின்தடை 40 ஓம் மீட்டருக்கு இறங்குகிறது. சுற்றிலும் 600க்கு மேல். அளவுகளிலிருந்து நிலத்தடியை மென்பொருளில் கணக்கிட்டு வரையும் இன்வர்ஷன் படத்தில் அந்தப் பிறழ்வின் மையம் 120 மீட்டர் ஆழத்தில், 150 மீட்டர் அகலத்தில் தெரிகிறது. காந்த அளவீட்டில் சுமார் 120 நானோடெஸ்லா அளவுள்ள மிதமான ஏற்றம் ஒன்று இருக்கிறது; ஆனால் அது ஐ.பி. மையத்துக்கு நேர் மேலே இல்லாமல் 80 மீட்டர் மேற்கே விலகி நிற்கிறது.

மேற்கிலிருந்து துளையிடத்தான் முதலில் திட்டமிட்டோம். துளைவாய் அமைய வேண்டிய இடம் கடுகு வயலுக்குள் விழுந்தது. அறுவடைக்கு முன் இயந்திரத்தை இறக்க விவசாயி சம்மதிக்கவில்லை. ஆகவே ஐ.பி. மையத்துக்கு 70 மீட்டர் கிழக்கே இயந்திரத்தை நிறுத்தி, மேற்கு நோக்கி 60 பாகைச் சாய்வில் 220 மீட்டர் துளையிட்டோம். 96 மீட்டர் முதல் 131 மீட்டர் வரை மூன்று முதல் ஐந்து விழுக்காடு பைரைட் என்னும் இரும்புச் சல்பைடு, இடையில் நூல் போல, நாங்கள் தேடும் தாமிரத் தாதுவான சால்கோபைரைட். ஆய்வகத்தில் ஒரே ஒரு 1.2 மீட்டர் துண்டு மட்டும் 0.9 விழுக்காடு தாமிரம் காட்டியது, மற்றவை 0.05ஐத் தாண்டவில்லை. அதற்குக் கீழே சில மீட்டர் கருப்பான, கையில் ஒட்டும் பாறை. அதன் பின் வெறும் சிஸ்ட் என்னும் ஏடேடான உருமாறிய பாறை.

மேலாளர் இரண்டு விதமாகப் பேசுகிறார். காலையில் “35 மீட்டர் சல்பைடு, அருமையான தொடக்கம்” என்கிறார், மாலையில் “ஐ.பி. பொய் சொல்லிவிட்டது, வேறு இடம் பார்ப்போம்” என்கிறார். இவற்றில் எது சரி? அல்லது இரண்டுமே தவறா?


லாஸ்பேட்டை ஓய்வு எழுதியது:

தம்பி, இரண்டும் தவறு. விளக்கமாகச் சொல்கிறேன், முப்பது ஆண்டுகள் இந்த அளவீடுகளோடு வாழ்ந்துவிட்டு ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் நீளும்.

ஐ.பி. பொய் சொல்வதில்லை, தாமிரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதும் இல்லை. பாறையின் நுண்துளைகளில் உள்ள நீர் வழியாக ஓடும் மின்னோட்டம், உலோகத்தைப் போல மின்கடத்தும் துகள் ஒன்றை எதிர்கொள்ளும்போது அதன் முகப்பில் மின்னூட்டம் தேங்குகிறது. மின்னோட்டத்தை நிறுத்தியதும் அது மெதுவாக வடிகிறது. அந்த வடிதலைத்தான் நாம் அளக்கிறோம். பைரைட், சால்கோபைரைட், காந்தத்தன்மையுள்ள இரும்புச் சல்பைடான பிர்ரோடைட், கிராஃபைட் ஆகிய எல்லாமே இந்தத் தேக்கத்தை உண்டாக்கும்; சில களிமண்களும் கொஞ்சம் உண்டாக்கும். சால்கோபைரைட்டில் எடையளவில் 34.6 விழுக்காடு தாமிரம் உண்டு, பைரைட்டில் ஒன்றும் இல்லை. கருவிக்கு அந்த வேறுபாடு தெரியாது. மறுபுறம், நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்து மாமண்டூரில் தாமிரம், ஈயத்தோடு துத்தநாகமும் இருக்கிறதல்லவா, அந்தத் துத்தநாகத்தைத் தரும் ஸ்பாலரைட் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாததால் ஐ.பி.யில் ஏறத்தாழ மறைந்தே இருக்கும். ஆகவே 28 என்ற எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், பைரைட்டைப் பார்த்துச் சோரவும் வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: துளையிலிருந்து வந்த பாறை, வரைபடத்திலுள்ள அந்த எண்ணுக்குக் கணக்குச் சொல்கிறதா?

அதற்கு முன் ஆழத்தைச் சரிபாருங்கள். பழைய வழக்கப்படி, அளந்த எண்களை ஆழவாக்கில் அப்படியே குறிக்கும் தாளாகிய சூடோசெக்‌ஷனில் 45 பாகைக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் புள்ளி வைப்போம். உங்கள் 50 மீட்டர் டைபோலுக்கு ஆறாவது நிலை 175 மீட்டர் ஆழத்தில் போய் உட்காரும். அது தாளில் வைக்கும் இடம் மட்டுமே. அந்த அமைப்பு உண்மையில் உணரும் நடு ஆழம் டைபோல் நீளத்தைப் போல் 1.73 மடங்கு, அதாவது 86 மீட்டர் அளவுதான். அதற்குக் கீழே அது முழுக் குருடு அல்ல; ஆனால் 120 மீட்டரில் மையம் என்று இன்வர்ஷன் காட்டுவது, தரவு மெலிந்துபோன இடத்தில் மென்பொருள் வழுவழுப்பாக இழுத்து வரைந்த படம். ஆழத்தில் இருப்பது அதில் எப்போதும் நிஜத்தைவிட அகலமாகவும் மங்கலாகவும் தெரியும். 150 மீட்டர் அகலம் என்பதை அப்படியே நம்பாதீர்கள்.

இனி துளைக்கு வருவோம். இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. படிவங்கள் மேற்கே 65 பாகை சரிகின்றன. உங்கள் துளையும் மேற்கே 60 பாகை சரிகிறது. இரண்டுக்கும் இடையே ஐந்து பாகைதான் வேறுபாடு. அதாவது நீங்கள் படிவங்களைக் குறுக்கே வெட்டவில்லை, அவற்றின் கூடவே இறங்கியிருக்கிறீர்கள். 220 மீட்டர் துளையை ஐந்து பாகையின் சைனால் பெருக்கினால் 19 மீட்டர் வருகிறது. அவ்வளவு கூலி கொடுத்து 19 மீட்டர் தடிமனுள்ள பாறையைத்தான் பார்த்திருக்கிறீர்கள். மேலாளர் மகிழும் 35 மீட்டர் சல்பைடின் உண்மைத் தடிமன் மூன்று மீட்டர். சரிவு கொஞ்சம் மாறி, இடைக்கோணம் பத்து பாகையாக இருந்தாலும் ஆறு மீட்டர்.

இதை நம்பாவிட்டால் துளையிலிருந்து எடுத்த பாறை உருளைகள் இருக்கும் கோர் பெட்டியைத் திறந்து பாருங்கள். படிவக் கோடுகள் உருளையைக் குறுக்கே வெட்டாமல், நீளவாக்கில் ரயில் தண்டவாளம் போல ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தக் கையில் ஒட்டும் கருப்புப் பாறையைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் கடந்து போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் இந்தக் கதையின் நாயகன் போலத் தெரிகிறது. அதன் ஆழ எல்லையை எழுதுங்கள்.


முந்திரித்தோப்பு எழுதியது:

நான் தாமிரம் அறியாதவன். பண்ருட்டி, பரங்கிப்பேட்டை வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் பார்ப்பதற்காக மின்தடை அளவீடு செய்பவன். ஆனால் 40 ஓம் மீட்டர் என்பதைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. எங்கள் கடலோரத்தில் உப்பு நீர் புகுந்த மணலும், நல்ல நீருக்கு மேல் கிடக்கும் களிமண்ணும் ஒரே மாதிரி தாழ்ந்த மின்தடையைக் காட்டும். எண்ணை மட்டும் பார்த்துத் தேவனாம்பட்டினத்தில் ஒரு காலத்தில் நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும். ராஜஸ்தானத்து நிலத்தடி நீரும் பல இடங்களில் உவர்ப்பு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கோட்டின் அருகே விவசாயக் கிணறு, நிலத்தில் புதைத்த இரும்புக் குழாய், மண்ணில் ஊன்றிய கம்பி வேலி ஏதாவது இருந்ததா? புதைந்த இரும்பும் மின்னூட்டத்தைத் தேக்கும் அல்லவா?


லாஸ்பேட்டை ஓய்வு எழுதியது:

நல்ல கேள்வி. குழாயும் வேலியும் பல ஐ.பி. வரைபடங்களைக் கெடுத்திருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் மேல் நிலைகளிலேயே தொடங்கி, சூடோசெக்‌ஷனில் இரண்டு கால்களை விரித்தாற்போல் இறங்கும். உவர் நீர் மின்தடையைத் தாழ்த்தும், ஆனால் சார்ஜபிலிட்டியை ஏற்றாது, சொல்லப்போனால் அமுக்கும். இங்கே ஒன்று தாழ்ந்து மற்றொன்று ஏறுகிறது. பாறையில் தூவிக் கிடக்கும் சல்பைடு துகள்கள் ஒன்றையொன்று தொடாததால் சார்ஜபிலிட்டி ஏறினாலும் மின்தடை இந்த அளவுக்குச் சரியாது. பதினைந்து மடங்கு சரிந்திருக்கிறது என்றால், மின்சாரம் ஓடுவதற்குத் தொடர்ச்சியான பாதை எங்கோ இருக்கிறது. நம் சிவகங்கைப் பக்கம் கிராஃபைட் வெட்டுகிறார்களே, அந்தச் சரக்கு மெல்லிய ஏடாக இருந்தாலும் இதைச் செய்துவிடும். உங்கள் பக்கத்துப் பாறை அடுக்கான டெல்லிப் பெருந்தொகுதியின் அஜப்கர் படிவங்களில் கார்பன் நிறைந்த ஃபில்லைட் என்னும் மெல்லேட்டுப் பாறை உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.


கோர்பெட்டி எழுதியது:

வணக்கம் தம்பி. நான் நெய்வேலியில் வளர்ந்தவள். பதினோரு ஆண்டுகள் துளைக் களங்களில் கோர் பதிவு செய்திருக்கிறேன். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியே 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணற்றுக்குத் துளையிட்டபோது கருப்பாக மேலே வந்த பொருளால்தான் தெரியவந்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதனாலோ என்னவோ, கருப்பாக எது வந்தாலும் நான் நின்று பார்ப்பேன்.

அந்தக் கருப்புப் பகுதியில் கோர் எவ்வளவு மீண்டது? கிராஃபைட் பாறை மென்மையானது. துளை நீர் அதை அரைத்துக் கழுவிக்கொண்டு போய்விடும். பெட்டியில் இருப்பதை மட்டும் அளந்து “சில மீட்டர்” என்று எழுதியிருந்தால், பெட்டியில் ஆழம் எழுதி இடையிடையே வைத்திருக்கும் ஆழக் கட்டைகளைப் பார்த்து மறுபடி கணக்கிடுங்கள். இரண்டு கட்டைகளுக்கு இடையே மூன்று மீட்டர் என்று எழுதியிருக்க, பெட்டியில் ஒரு மீட்டர்தான் இருந்தால், போனது பெரும்பாலும் மென்மையான சரக்குதான்.

அடுத்தது, பைரைட்டையும் சால்கோபைரைட்டையும் நிறத்தை வைத்து மட்டும் பிரித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஈரக் கோரில் இரண்டும் மஞ்சளாகத்தான் மின்னும். பேனாக்கத்தி முனையால் கீறுங்கள். சால்கோபைரைட் கீறப்பட்டுப் பச்சை கலந்த கருப்புத் தூள் விடும், பைரைட்டில் கத்திதான் வழுக்கும்.

பெரிய கருவி எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு மல்டிமீட்டர் போதும். கோர் மீது பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு முனைகளையும் அழுத்தி, மீட்டருக்கு மீட்டர் படித்துக்கொண்டு போங்கள். கூடவே, பாறை எவ்வளவு காந்தமாகும் என்பதைக் காட்டும் காந்த ஏற்புத்திறனை அளக்கும் கைக்கருவி ஒன்றை எங்கிருந்தாவது இரவல் வாங்குங்கள். துளை முடிந்த நாளிலேயே செய்திருக்க வேண்டிய வேலை இது. பரவாயில்லை, கோர் எங்கும் ஓடிவிடாது.


கெடிலக்கரை எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கோர் கிடங்கில் இருக்கும் நண்பரை அளக்கச் சொல்லி, நேற்றுத்தான் எண்கள் வந்தன.

கருப்புப் பகுதி 138 மீட்டரில் தொடங்கி 153 வரை போகிறது. அந்த 15 மீட்டரில் பெட்டியில் இருப்பது ஐந்து மீட்டர்தான். அம்மா சொன்னது அப்படியே சரி, நான் பெட்டியில் இருந்ததை மட்டும் எழுதியிருந்தேன். அங்கே மல்டிமீட்டர் சில நூறு ஓம் காட்டுகிறது. பைரைட் பகுதியிலோ ஓரிரு இடம் தவிர எண்ணே வரவில்லை. காந்த ஏற்புத்திறன் துளை முழுவதும் ஆயிரத்தில் அரை எஸ்.ஐ. அலகுக்குக் கீழே. படிவக் கோடுகள் தண்டவாளம் போலத்தான் ஓடுகின்றன. கோட்டின் அருகே குழாயோ கம்பி வேலியோ இல்லை. வயலுக்கு இருப்பது கல் வேலிதான்.

138 முதல் 153 என்பது செங்குத்தாக 119 முதல் 132 மீட்டர் ஆழம். இன்வர்ஷன் மையம் 120. அப்படியானால் ஐ.பி. பிறழ்வு கிராஃபைட்தான் என்று முடிவு கட்டிவிடலாமா?


லாஸ்பேட்டை ஓய்வு எழுதியது:

பெரும்பகுதி அதுதான். ஆனால் முடிவு கட்டுவதற்கு முன் ஒரு படி பாக்கி இருக்கிறது. உங்கள் கிராஃபைட்டின் உண்மைத் தடிமன், அதே ஐந்து பத்து பாகைக் கணக்கில், ஒன்றே கால் மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டருக்குள்தான் வரும். அப்படி ஒரு மெல்லிய தகட்டை மேற்கே 65 பாகை சரித்து, மேலே நிலத்தருகே வரை நீட்டி, மென்பொருளில் மாதிரியாக வைத்து, உங்கள் கோட்டில் என்ன அளவு வரும் என்று கணக்கிடுங்கள். 28 வந்தால் கணக்கு முடிந்தது. 15தான் வருகிறது என்றால், துளை தொடாத இடத்தில் இன்னொரு கருப்பு ஏடோ வேறு சல்பைடோ மிச்சம் இருக்கிறது. இதற்கு ஒரு பிற்பகல் போதும். மைய ஆழம் பொருந்தியதை மட்டும் சான்றாக வைக்காதீர்கள். அந்த ஆழம் எவ்வளவு தளர்வானது என்று முன்பே சொன்னேன், பொருத்தம் தற்செயலாகவும் இருக்கலாம்.

உங்கள் அட்டவணையில் எனக்கு இனித்தது வேறு. துளை முழுவதும் காந்தப் பாறையே இல்லை. ஆகவே 120 நானோடெஸ்லாவுக்கு இந்தத் துளை எந்தப் பதிலும் சொல்லவில்லை. அது இன்னும் திறந்த கேள்வியாகவே நிற்கிறது. கேத்ரியில் சால்கோபைரைட் பல இடங்களில் பிர்ரோடைட்டோடும், காந்த இரும்புத் தாதுவான மேக்னடைட்டோடும் சேர்ந்தே கிடக்கிறது என்பதால் அந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது.

காந்த உச்சம் 80 மீட்டர் விலகி நிற்பதைக் காந்தப் புலத்தின் சாய்வால் வந்த இடப்பெயர்ச்சி என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். அது வடக்கு தெற்காகத்தான் இடம் மாற்றும். வடக்கு தெற்காக நீண்ட உடலில் புலத்தின் கிடைக்கூறு உடலின் நீளத்தோடேயே ஓடிவிடுவதால், குறுக்குக் கோட்டில் செங்குத்துக் கூறு மட்டுமே வேலை செய்யும். உச்சம் உடலின் மேல்முனைக்கு ஏறத்தாழ நேர் மேலே விழும். ஆகவே உங்கள் 80 மீட்டர் நிஜமான 80 மீட்டர். இதே உடல் நம் கடலூரில் இருந்திருந்தால் கதை வேறு. இங்கே காந்தப் புலம் ஏறத்தாழ கிடையாகப் படுத்திருப்பதால் வடக்கு தெற்கு உடல்கள் காந்த வரைபடத்தில் பாதி மறைந்துவிடும். இங்கே கற்ற பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள், அங்கே கற்றதை இங்கே கொண்டுவராதீர்கள்.

இனி இடம். காந்த உச்சம் முதல் துளைவாய்க்கு 150 மீட்டர் மேற்கே. 65 பாகைச் சரிவில் அந்தப் படிவம் 100 மீட்டர் ஆழத்தில் 47 மீட்டர் மேற்கே நகர்ந்திருக்கும், ஆக 197. மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி 60 பாகையில் இறங்கினால் அந்த ஆழத்தை அடைவதற்குள் துளை 58 மீட்டர் கிழக்கே வந்திருக்கும். ஆகவே துளைவாய் முதல் துளைக்கு 255 மீட்டர் மேற்கே. படிவத்தை 55 பாகையில் வெட்டும், 115வது மீட்டர் வாக்கில் தொடும். அதைத் தாண்டிக் கிராஃபைட் வரை போகும்படி நீளம் வையுங்கள். அப்போதுதான் இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதும் தெரியும். அதே சமயம், அந்தக் காந்தம் தாமிரமில்லாத வெறும் ஆம்பிபோலைட் என்னும் கரும்பாறையாகவும் இருக்கலாம். இயந்திரத்தை நகர்த்தும் முன் பத்து மீட்டர் இடைவெளியில் காந்தக் கோடு ஒன்றை மீண்டும் நடந்து அளந்து, அதே கோட்டில் மண் மாதிரி எடுத்துத் தாமிரம் பாருங்கள்.


கோர்பெட்டி எழுதியது:

ஒரு சேர்க்கை. இரண்டாம் துளையில் கருப்புப் பாறை தொடங்கியதும் ஓட்டத்தை, அதாவது ஒரே தடவையில் கோர் எடுக்கும் நீளத்தை, மூன்று மீட்டரிலிருந்து ஒன்றரையாகக் குறைக்கச் சொல்லுங்கள். மெதுவாகப் போகிறது என்று துளைக்காரர் முணுமுணுப்பார், கேட்டுக்கொள்ளுங்கள். ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை துளையின் சாய்வையும் திசையையும் அளக்கவும் வேண்டும். படிவங்களைக் குறுக்கே வெட்டும் துளை, அவற்றுக்குச் செங்குத்தாகத் திரும்பவே பார்க்கும்.


கெடிலக்கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா, மிக்க நன்றி அம்மா. 255 மீட்டரை வரைபடத்தில் குறித்துப் பார்த்தேன். கடுகு வயல் ஐ.பி. மையத்துக்கு 40 மீட்டர் மேற்கே தொடங்கி 160வது மீட்டரில் கல் வேலியோடு முடிகிறது. புதிய துளைவாய் 185வது மீட்டரில், வேலிக்கு அப்பால் கிடக்கும் தரிசில் விழுகிறது. அறுவடைக்குக் காத்திருக்கவே தேவையில்லை. காந்தக் கோடு மட்டும் வயலுக்குள் போகிறது. வரப்பில் நடந்து அளந்துகொள்ள விவசாயி சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன்.